இடது பக்கத்து முக்காலி

கதை சொல்கிறேன், கேளுங்கள். கடைசியில் ஒரு கேள்வி உண்டு. அப்போது மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும், இப்போதே சொல்லிவிட்டேன்.

பாளையங்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. அதன் பின்கட்டில் சலவைக்கூடம். அங்கே படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்குகிறவள் இசக்கியம்மாள். வயது இருபத்தாறு. பிறவியிலேயே அறிவுவளர்ச்சிக் குறைபாடு. ஒரு வேலையை மொத்தமாகச் சொன்னால் அவளுக்குப் பிடிபடாது. பக்கத்தில் ஒருவர் இருந்து படிப்படியாக எடுத்துக்கொடுக்க வேண்டும். அதற்கென்று அரசாங்கமே சம்பளம் கொடுத்து ஓர் ஆளை அமர்த்தியிருந்தது. வேலைத்துணை என்று அந்த உத்தியோகத்துக்குப் பெயர். நம் எல்லார் வரிப்பணமும் அதில் இருக்கிறது, நீங்கள் சோப்பு வாங்கும்போது கொடுத்ததும்தான்.

அந்த வேலைத்துணை ஜெபசெல்வி. இசக்கிக்கு இடது பக்கம் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்துகொள்வாள். தன் கையால் எதையும் செய்துகொடுக்க மாட்டாள். "அடுத்து என்ன, இசக்கி?" என்று மெதுவாகக் கேட்பாள், அவ்வளவுதான். "மூலைய சேக்கணும்க்கா" என்று சொல்லிவிட்டு இசக்கி சேர்ப்பாள். "அடுத்து என்ன, இசக்கி?" "நீவி விடணும்." நாள் முழுக்க இதுதான் பேச்சு. மடிப்பில் ஒரு சுருக்கம் இருக்காது.

ஒரு நாள் ஜெபசெல்விக்குக் காய்ச்சல் கண்டது. விடுப்புச் சொல்லிவிட்டுக் கிளம்பும்போது முக்காலியைத் தட்டிக் காட்டினாள். "நான் வாற வரைக்கும், இல்ல வேற ஆள் வாற வரைக்கும், இதத் தொடச்சி வையி. யாரு வந்தாலும் இதுல உக்காரச் சொல்லு." இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். போனவள் திரும்பவில்லை. மூளைக்காய்ச்சல், செத்துப்போனாள்.

வேறு ஆளும் வரவில்லை. புது ஆளைக் கேட்டு எழுதியது எந்த மேசையில் தூங்கியதோ, யாருக்குத் தெரியும். இசக்கி மட்டும் வந்தாள். காலையில் முக்காலியைத் துடைத்தாள், இடது பக்கம் இடம் விட்டு நின்றாள், மடித்தாள். சுருக்கம் இல்லை. ஆனால் அவள் மடிக்கும் மேசையிலிருந்து இரண்டு குரல் கேட்டது. "அடுத்து என்ன, இசக்கி?" அச்சு அசல் ஜெபசெல்வி. "மூலைய சேக்கணும்க்கா." இரண்டையும் இசக்கியின் வாய்தான் பேசுகிறதா என்று கிட்டப் போய்ப் பார்க்கக் கூடத்துப் பெண்களில் ஒருத்திக்கும் தைரியமில்லை. முக்காலிப் பக்கம் உட்கார்ந்து சாப்பிடுவதைக்கூட விட்டுவிட்டார்கள்.

இந்த நேரத்தில் மடிப்பதற்கென்றே புது மெஷின் வந்து இறங்கியது. தை மாதத்திலிருந்து எல்லாம் அதில்தான், அதில் நிற்கத் தெரியாதவர்களுக்கு வேலை இல்லை என்றது நிர்வாகம். இசக்கியை அதன் முன்னால் நிறுத்திப் பார்த்தார்கள். "அடுத்து என்ன, இசக்கி?" என்று குரல் கேட்டது. அவளுக்குத் தெரியவில்லை. இடது பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். "அக்காவுக்கும் இது தெரியலயாம்" என்று சொல்லி அழுதாள். பழைய மேசைக்கே அனுப்பிவிட்டார்கள்.

அப்போதுதான் அதிகாரி நெடுஞ்செழியன் வந்தார். அவளுக்கு அரசு உதவி தொடரலாமா, நிறுத்தலாமா என்று பார்த்து எழுத வேண்டியவர். தனியாக வேலை செய்கிறவருக்குத் துணை கிடையாது என்பது விதி. அவர் கையில் இருந்ததோ ஒரே ஒரு துணை. நாங்குநேரியில் கண்ணும் தெரியாமல் காதும் கேளாமல் ஒருத்தர் அதற்காகக் காத்திருந்தார்.

இசக்கியின் தாய் ஆவுடையம்மாள் வாசலிலேயே மகளை நிறுத்தி, "ஏளா, இன்னைக்கு வாயத் தெறக்காத. பேய் புடிச்சிருக்குன்னு வெரட்டிருவாவ" என்றாள். அதிகாரியிடம், "ஒத்தையில நல்லா பாக்கா ஐயா. யாரும் வேண்டாம்" என்றாள். பெற்ற வயிறு, வேறென்ன சொல்லும்.

மேற்பார்வையாளர் கோமதிநாயகம் உள்ளதைச் சொன்னார். "ஒத்தையில பாக்கல சார். செத்தவ சொல்லிக்குடுக்கா. நானே காதால கேட்டேன். உயிரோட ஒரு ஆளப் போடுங்க." இது நிர்வாகத்தின் காதுக்குப் போனால் இசக்கியை அன்றே வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று அவருக்கும் தெரியும்.

பேயை நெடுஞ்செழியன் படிவத்தின் எந்தக் கட்டத்தில் எழுதுவார்? கண்ணால் கண்டதைத்தான் எழுத முடியும். இசக்கி உதட்டைக் கடித்துக்கொண்டு மடித்தாள், சுருக்கம் இல்லை. நல்ல மனிதர்தான், கடைசியில் அவளிடமே கேட்டார். "பக்கத்துல யாராவது வேணுமாம்மா?"

இசக்கி பேசவில்லை, தாய்சொல் தட்டாதவள். தோளில் கிடந்த துண்டால் முக்காலியைத் துடைத்தாள். அதை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

கோமதிநாயகம் முகத்தில் ஈயாடவில்லை. ஆவுடையம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். நெடுஞ்செழியன் இரண்டடி பின்னால் போய், நின்றபடியே, 'தனியாகச் செய்கிறார், துணை தேவையில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். துணை நாங்குநேரிக்குப் போனது. அந்த மனிதருக்கு வேலை கிடைத்து இன்று வரை பார்க்கிறார்.

இப்போது சொல்லுங்கள். மகளைக் காக்கப் பொய் சொன்ன தாய், அவள் வேலையே போனாலும் போகட்டும் என்று உண்மை சொன்ன கோமதிநாயகம், கண்டதை எழுதி இன்னொருவருக்கு வழிசெய்த அதிகாரி. இவர்களில் யார் செய்தது சரி?

விடை: கோமதிநாயகம் என்பீர்கள். மற்ற இருவருக்கும் அவர் மேல்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொன்னவள் இசக்கி ஒருத்திதான். வேறு ஆள் வந்தால் உட்காரச் சொல் என்று ஜெபசெல்வி சொல்லிவிட்டுப் போனாள். ஆள் வேண்டுமா என்று கேட்டவரை இவள் உட்காரச் சொன்னாள். இதைவிட எப்படிச் சொல்வது? செத்தவளுக்காக வைத்திருக்கிறாள் என்று மூவரும் பயந்தார்கள். நினைத்தால் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. தை பிறந்துவிட்டது. புது மெஷின் முன்னால் இசக்கி நிற்கிறாள், இடது பக்கம் முக்காலி காலியாக இருக்கிறது. "அடுத்து என்ன, இசக்கி?" என்று குரல் கேட்கிறது. கூடத்தில் எல்லாரும் கேட்டுக்கொண்டுதான் நிற்கிறார்கள்.