பித்தளைப் பிடி

சிவநேசன் கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் எட்டு வருடம் இன்ஜினியராக இருந்தவர். முப்பதாவது வயதில் அந்த வேலையை விட்டுவிட்டு இயற்பியல் படிக்கப் போனார். படிப்பு முடிந்து, இப்போது முனைவர் பட்ட ஆராய்ச்சி. அவருடைய பேராசிரியர் எஸ்தர் அவரைவிட நான்கு வயது இளையவர்.

மகன் என்ன செய்கிறான் என்று கேட்கும் உறவினர்களுக்குச் சிவநேசனின் அப்பா இப்போதெல்லாம் பதில் சொல்வதில்லை.

கடுங்குளிரில் ஒரு மெல்லிய உலோகத் தகட்டின் மின்தடை திடீரென்று தாவுவதைச் சிவநேசனும் எஸ்தரும் கண்டுபிடித்திருந்தார்கள். மூன்று வருட உழைப்பு. நல்ல ஆய்விதழ் ஒன்று கட்டுரையை ஏற்றுக்கொண்டிருந்தது. அடுத்த வாரம் வெளிவர வேண்டும்.

அன்று காலை சிவநேசன் எஸ்தரின் அறைக்கு வந்தார். நாலு நாள் தாடி. உட்காரச் சொல்லும்முன் உட்கார்ந்துவிட்டார்.

“மேடம், அந்தத் தாவல் தகட்டுல இல்ல.”

“பின்ன?”

“தகட்டைப் பிடிச்சிருக்கிற பித்தளைப் பிடியில. குளிர்ல அது சுருங்குது, மின்தடை அளக்கிற கம்பி லேசா விலகுது. இந்த வாரம் செம்புப் பிடி போட்டுப் பார்த்தேன். தாவலே இல்ல.”

“எத்தனை தடவை பார்த்தீங்க?”

“நாலு தடவை.” தன் கைகளைப் பார்த்துக்கொண்டே, “அந்தப் பிடியை லேத்துல கடைஞ்சது நான்தான் மேடம். ஒரு இன்ஜினியருக்கு இதுகூடத் தெரியல” என்றார்.

எஸ்தர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்களைத் தேய்த்துக்கொண்டார். அவருக்கும் அதுதான் முதல் பெரிய கட்டுரை.

“வேற யாருக்காவது தெரியுமா?”

“இல்ல.”

“நீங்க சொல்லாம இருந்திருந்தா?”

“வேற ஒருத்தர் கண்டுபிடிக்கப் பல வருஷம் ஆகும்.”

“அதுக்குள்ள உங்களுக்குப் பட்டம் கிடைச்சிருக்கும்.”

“ஆமா மேடம்.”

எஸ்தர் கணினியில் ஆய்விதழுக்குக் கடிதம் தட்டினார். மூன்றே வரி. கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம் என்று இருந்தது. திரையைச் சிவநேசன் பக்கம் திருப்பிக் காட்டினார். சிவநேசன் இரண்டு முறை படித்துவிட்டுத் தலையசைத்தார். எஸ்தர் அனுப்பிவிட்டார்.

சிவநேசன் எழுந்து கதவு வரை போய்த் திரும்பினார்.

“ஒண்ணு கேக்கலாமா மேடம்?”

“கேளுங்க.”

“முப்பத்தாறு வயசாச்சு. மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கணும். இன்ஜினியரிங்கை விட்டுட்டு இங்க வந்தது தப்போ?”

எஸ்தர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

“அங்கேருந்து கிளம்பித்தான் ஆறு வருஷம் ஆச்சு. இயற்பியலுக்கு வந்து சேர்ந்தது இன்னிக்குக் காலையிலதானே? அதுக்குள்ள எப்படிச் சொல்றது?”