மரநாய் கொடுத்த உப்புக்கட்டி

ஓடைக்கரைக் காட்டில் ஒரு மரநாய் புகைச்சுருள் விற்றது. அது அக்கரையிலிருந்து வந்த வியாபாரி. சுருள் வாங்குபவர்கள் விலையோடு ஒரு நெல்லிக்காயைப் பொதுக்கூடையில் வரியாகப் போட வேண்டும். ஒன்றுதானே என்று குட்டிகளும் வாங்கின.

ஒருநாள் மந்தி ஒன்று காட்டு அவைக்கு வந்தது.

"மிளா ஐயா, என் மகன் கிளை தாவும்போதே இருமுகிறான். நேற்று பிடி நழுவி முள்ளில் விழுந்தான். அடுத்த முறை பாறையில் விழுவான். வரியை ஐந்து நெல்லிக்காய் ஆக்குங்கள். குட்டிகள் வாங்குவதாவது நிற்கும்."

"நாளை முடிவு சொல்கிறோம்" என்றது அவைத்தலைவரான மிளா மான்.

அன்று மாலையே மரநாய் அவையோர் ஐவரையும் தேடிப் போனது. வெறுங்கையோடு போகவில்லை.

மறுநாள் அவை கூடியது. மரநாய் உருக்கமாகப் பேசியது.

"வரி ஏறினால் ஏழை முயல்தான் பாவம். அக்கரை நரிகள் திருட்டுச் சுருள் கொண்டுவரும். வேண்டுமானால் படித்த இருவாச்சியைக் கேளுங்கள்."

"ஆராய்ந்துவிட்டேன்" என்றது அவையோரில் ஒருவரான இருவாச்சிப் பறவை. "வரிக்கும் புகைக்கும் தொடர்பே இல்லை."

"முயல் பாவம் என்கிற வாய்தானே, அண்ணாச்சி, முயலுக்கும் சுருள் விற்கிறது?" என்றது மந்தி.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. முடிவு எடுக்குமுன், யார் கொடுத்து எதைத் தின்றோம் என்று அவையோர் ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அக்கரைக்காரரான மரநாய்க்கு இது தெரியாது.

முதல் முறை தலைவருடையது. மிளா தின்றதை யாரும் பார்க்கவில்லை. மறைத்திருக்கலாம்.

"நேற்று இவர் கொடுத்த உப்புக்கட்டியை நக்கினேன்" என்றது மிளா. "ருசி இன்னும் போகவில்லை. இந்த நாக்கு இன்று தீர்ப்புச் சொல்லாது."

கொம்பு தாழாமல் தலைமைக் கல்லை விட்டு இறங்கி நின்றது. காடே எழுந்து நின்றது.

"எனக்குக் கிழங்கு" என்று முள்ளம்பன்றியும் இறங்கியது.

"எனக்கு... அத்திப்பழம். ஒரு கூடை" என்றது இருவாச்சி. அதுவும் இறங்கியது.

"என்னிடமும் வந்தார்" என்றது ஆமை. "நான் தலையை வெளியே நீட்டுவதற்குள் போய்விட்டார்."

"எனக்குத் தேன் கொண்டுவந்தார்" என்றது எறும்புதின்னி. "எறும்பு இல்லையா என்று கேட்டேன். கோபித்துக்கொண்டு தேனோடு போய்விட்டார்."

மிஞ்சிய இருவரும் தீர்ப்புச் சொன்னார்கள். சுருளுக்கு ஐந்து நெல்லிக்காய்.

அடுத்த நாள் மந்தியின் மகனும் கூட்டாளிகளும் கடைக்கு வந்தார்கள். கையிலிருந்த ஐந்து நெல்லிக்காயைப் பார்த்தார்கள். சுருளைப் பார்த்தார்கள். பிறகு நெல்லிக்காயையே தின்றுவிட்டு ஓடைக்குத் தண்ணீர் குடிக்கப் போனார்கள்.

நஞ்சு விற்பவன் கையால் உண்டவர் தீர்ப்பிலிருந்து விலகி நின்றால்தான், ஊரின் பிள்ளைகள் பிழைப்பார்கள்.