ஒழுகுகிற இடம்

“எல்லாத்தையும் புதுசா மாத்திட்டேன் டீச்சர். இன்னும் ஒழுகுது.”

சவரிமுத்து வாசலில் நின்றபடியே சொன்னார். உள்ளே வாங்க என்றதற்கும் வரவில்லை. கையில் செய்தித்தாள் சுற்றிய பொட்டலம் ஒன்று இருந்தது.

மெஹருன்னிசா துவைத்த துணியைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் பிரிவுக்கு அவர்தான் ஆசிரியர். சவரிமுத்துவைவிட வயதில் எவ்வளவோ சின்னவர். ஆனாலும் திண்டுக்கல்லில் வண்டி வைத்திருக்கிற பாதிப் பேருக்கு அவர் டீச்சர்தான்.

“எங்க ஒழுகுதுண்ணே?”

“முதல்ல முன்பக்க சீல். மாத்தினேன். அப்புறம் மேல, டப்பட் கவர்ல கசிஞ்சுது. அதுக்கும் புது கேஸ்கெட். இப்ப அடியில, எண்ணெய்த் தொட்டியில. ராத்திரி அட்டையை விரிச்சு வச்சா காலைல கருப்பா கிடக்கு.”

பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினார். எண்ணெய் கசியாமல் இரும்புக்கு நடுவில் வைக்கிற கார்க் கேஸ்கெட். போல்ட் ஓட்டைகளைச் சுற்றிப் பிதுங்கி வெடித்திருந்தது.

“எவ்வளவு டைட் வச்சீங்க?”

“முடிஞ்ச மட்டும்.”

“முடிஞ்சதுக்கு அப்புறம்?”

சவரிமுத்து காலை மாற்றி நின்றார்.

“ஸ்பேனர்ல ஒரு பைப்பை மாட்டி இன்னொரு சுத்து.”

டீச்சர் வாளியிலிருந்து ஒரு தலையணை உறையை எடுத்து அவரிடம் நீட்டினார்.

“பிழிங்க.”

பிழிந்தார். தண்ணீர் கொட்டியது.

“இன்னும்.”

பிழிந்தார். சொட்டு சொட்டாக விழுந்தது.

“இன்னும்.”

பஸ் ஸ்டியரிங்கை வளைத்து வளைத்து உரமேறிய கை. தையல் ஓரமாக உறை படக்கென்று கிழிந்தது.

டீச்சர் கிழிந்த உறையை வாங்கி உதறிக் கொடியில் போட்டார்.

சவரிமுத்து வந்த வழியே போனார்.



எண்ணெய் ஒழுகுகிற அந்தக் கார் அவருடையது இல்லை. மகன் டொமினிக்குடையது.

பழைய பியட். காயலான் கடையில் வெட்டுக்குக் காத்திருந்ததை டொமினிக் பார்த்துவிட்டு, லாரியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தான். மெஹருன்னிசாவிடம் படித்த பையன். “எழுப்பிக் காட்டுறேன் பாருங்கப்பா” என்று வீட்டுப் பக்கவாட்டில் தகரக் கொட்டகை போட்டான். என்ஜினை இறக்கினான். கடைசி போல்ட் வரைக்கும் பிரித்துச் சாக்கில் பரப்பினான்.

போன மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்தது. என்ன காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சொல்வதற்குள் பையன் போய்விட்டான்.

சாக்கில் பரப்பியது பரப்பியபடி கிடந்தது.

அடக்கம் முடிந்து வந்ததும் சவரிமுத்து வீட்டை ஒழுங்குபடுத்தினார். மகனின் சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைத்தார். படத்தைப் பின் அறைக்குக் கொண்டுபோனார். சுவரில் சாய்ந்து கதறிக்கொண்டிருந்த மனைவி லூர்துவிடம், “போதும். அழுதா வந்துருவானா?” என்றார்.

கல்நெஞ்சோடு சொன்ன வார்த்தை இல்லை. அவள் அழுகையைக் கேட்டுக்கொண்டு அவரால் நிற்க முடியவில்லை. அவ்வளவுதான்.

மகன் பேரைச் சொல்லி யாராவது துக்கம் கேட்க வந்தாலும் அதே வார்த்தை. போதும்.

லூர்து அழுகையை நிறுத்தினாள். அதோடு மற்றதும் நின்றுபோனது. “சாப்பாடு ஆச்சு.” “தண்ணி வந்துருச்சு.” “கேஸ் தீந்துருச்சு.” பஸ் ஸ்டாண்டு ஒலிபெருக்கி மாதிரி, தேவையான அறிவிப்பு மட்டும். கொட்டகைப் பக்கம் அவள் தலைவைத்தும் படுக்கவில்லை.

சவரிமுத்துவுக்கு வண்டி ஓட்டத் தெரியும். பிரித்துப் பூட்டத் தெரியாது. ஆனால் சாக்கைச் சுருட்டி மூலையில் போடக் கை வரவில்லை. ஒரு நாள் பிஸ்டன் ஒன்றை எடுத்துத் துடைத்தார். மறுநாள் இன்னொன்றை. கடையில் கேட்டார், பழைய டெப்போ ஆட்களைக் கேட்டார். தப்பாகப் பூட்டினார், கழற்றினார், மறுபடி பூட்டினார். மாதக்கணக்கில் ஆனது. கடைசியில் டொமினிக் பிரித்ததை அவன் அப்பா பூட்டிவிட்டார்.

சாவியைத் திருப்பினால் என்ஜின் உறுமியது.

எண்ணெய்தான் நிற்கவில்லை.



இந்த முறை போல்ட்டுகளை விரலால் திருகி, ஸ்பேனரால் அளவாக இறுக்கினார். கை இன்னொரு சுற்றுக்குத் துடித்தது. அடக்கிக்கொண்டார்.

எண்ணெய்த் தொட்டியில் கசிவு நின்றது.

மறுநாள் பின்பக்க சீலில் ஒழுகியது.

அதை மாற்ற வேண்டுமானால் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். ஒண்டியாளாகச் சங்கிலி கட்டி இறக்கினார். முழங்கை சிராய்த்தது. புது சீல் போட்டு ஏற்றினார். ஓடவிட்டார். அதே இடத்தில், புது சீலின் உதட்டிலிருந்தே, பளபளவென்று ஒரு கோடு இறங்கியது.

அன்று மதியம் லூர்து சோறு போட்டுவிட்டுச் சொன்னாள்:

“ஞாயித்துக்கிழமை திருச்சிக்குப் போறேன். தங்கச்சி வீட்டுக்கு.”

“எப்ப வருவ?”

அதற்கு அறிவிப்பு வரவில்லை.

அவர் பாதிச் சோற்றோடு கை கழுவினார்.



ஐ.டி.ஐ. வாசலில் வாட்ச்மேன் உள்ளே போகச் சொன்னார். சவரிமுத்து போகவில்லை. ஒர்க் ஷாப்பிலிருந்து பையன்களின் சத்தம் கேட்டது. சுத்தியல் சத்தம், சிரிப்புச் சத்தம். அவர் வேப்பமரத்து நிழலில் ரோட்டைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

டீச்சரே கேட்டுக்கு வந்தார். கை கழுவாமல் வந்திருந்தார்.

“இப்ப எங்க?”

“பின்பக்க சீல்.”

“நாளைக்கு?”

“என்ன நாளைக்கு?”

“நாளைக்கு எங்கண்ணே ஒழுகும்?”

சவரிமுத்துவுக்குச் சுர்ரென்று ஏறியது.

“கேக்க வந்தவன்கிட்டயே கேக்குறீங்களே! ஞாயித்துக்கிழமை லூர்துவ அந்த வண்டியில கூட்டிட்டுப் போகணும்னு நினைச்சேன். பஸ்ல ஏத்திவிட்டா போயிட்டே இருப்பா. வண்டியில நான் கூடப் போனா…”



டீச்சர் கொஞ்ச நேரம் அவர் முழங்கைச் சிராய்ப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மருந்து போட்டீங்களா?”

“அது ஆறிரும். இதுக்கு வழி சொல்லுங்க.”

“சீல் எல்லாம் புதுசு.”

“ஆமா.”

“பூட்டுனதும் இப்ப சரியாத்தான் பூட்டியிருக்கீங்க.”

“ஆமா.”

“அப்ப உள்ள இருக்கிற எண்ணெய்க்கு வெளிய வர ஏன் இவ்வளவு அவசரம்?”

சவரிமுத்து விழித்தார்.

“சனிக்கிழமை காலைல வர்றேன்” என்றார் டீச்சர். “அதுவரைக்கும் எதையும் அடைக்காதீங்கண்ணே.”



இரண்டு நாளும் அந்தக் கேள்வி அவரைப் படுத்தியது. பல் விளக்கும்போது நினைத்தார். கோவிலில் பூசை நடுவில் நினைத்தார். எண்ணெய்க்கு என்ன அவசரம்? அதற்குக் கால் முளைத்திருக்கிறதா?

சனிக்கிழமை டீச்சர் ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். சாமான் பெட்டி எதுவும் கொண்டுவரவில்லை.

அடக்கத்துக்கு வந்தது, அதற்குப் பிறகு இப்போதுதான் வருகிறார். வாசலில் ஒரு நிமிடம் தயங்கினார். லூர்து கதவைத் திறந்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“வாங்க டீச்சர்” என்றாள் லூர்து. அடுப்படிக்குப் போய்விட்டாள்.

கொட்டகையில் பியட் பானெட் திறந்து நின்றது. கழுவித் துடைத்த என்ஜின். ஒவ்வொரு போல்ட்டும் மின்னியது. அடியில் மட்டும் கருப்பு அட்டை.

டீச்சர் என்ஜினைச் சுற்றி வந்தார். ஓரிடத்தில் கையை வைத்தார். பிறகு எடுத்தார்.

“நல்லா செஞ்சிருக்கீங்கண்ணே.”

அந்த வார்த்தையைச் சவரிமுத்து எதிர்பார்க்கவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“ஸ்டார்ட் பண்ணுங்க.”

என்ஜின் எழுந்தது. சூடேறும்வரை இருவரும் நின்றார்கள். பின்பக்கம் எண்ணெய்க் கோடு இறங்கத் தொடங்கியது.

“பாருங்க! பாருங்க!” என்றார் சவரிமுத்து.

டீச்சர் அதைப் பார்க்கவில்லை. மேலே எண்ணெய் ஊற்றுகிற மூடியைத் திருகி எடுத்தார். புஸ்ஸென்று ஒரு சத்தம். அவர் சவரிமுத்துவின் மணிக்கட்டைப் பிடித்து, உள்ளங்கையை அந்த ஓட்டையின் மேல் கவிழ்த்தார்.

சூடான காற்று கையைத் தள்ளியது. அழுத்தினார். அது இன்னும் பலமாகத் தள்ளியது. உள்ளே ஏதோ உயிருள்ளது முட்டுகிற மாதிரி இருந்தது.

“இது எப்படிப் போகணும்?” என்று கேட்டார் டீச்சர்.

“எது?”

“என்ஜின் ஓடுனா உள்ள காத்து சேரும். எந்த என்ஜினா இருந்தாலும் சேரும். அது எப்படிப் போகணும்?”

சவரிமுத்துவின் கண், அவரைக் கேட்காமலே, என்ஜின் பக்கவாட்டிலிருந்து கீழே இறங்குகிற ஒரு சிறு குழாய்க்குப் போனது.

டீச்சரும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

குழாயின் வாயில் பனியன் துணி அடைத்து, கம்பி சுற்றி, அதற்கு மேல் எம்சீல் பசை பூசியிருந்தது. பூசியதைக்கூட விரலால் வழித்து நேர்த்தியாக்கியிருந்தது.

“யாரு அடைச்சா?”

கேட்ட குரலில் குற்றம் இல்லை.

“நான்தான்.” சவரிமுத்து தலையைத் தாழ்த்திக்கொண்டார். “முதல் நாள் ஓடவிட்டப்ப அதுல புகை வந்துக்கிட்டே இருந்துச்சு டீச்சர். எண்ணெய் நாத்தம் வேற. பார்க்கவே சகிக்கல. எல்லாம் சுத்தமா இருக்கணும்னு…”

“ம்.”

“அடைச்சதும் நின்னுருச்சு.”

“ம்.”

“அதுக்கு மறுநாள்தான்…”

அவர் முடிக்கவில்லை. வண்டியை அணைத்தார். ஸ்குரூ டிரைவரை எடுத்து எம்சீலைப் பெயர்த்தார். கம்பியை வெட்டினார். துணியை இழுத்தார். நன்றாகத் திணித்திருந்ததால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. டீச்சர் உதவிக்குக் கை நீட்டவில்லை.

மூடியைப் பூட்டிவிட்டு, பின்பக்கம் வழிந்ததைத் துடைத்துவிட்டு, புது அட்டையை அடியில் விரித்தார். மறுபடி சாவியைத் திருப்பினார்.

குழாயின் வாயிலிருந்து புகை வந்தது. மெல்லிய நீலப் புகை. சீராக, அவசரமில்லாமல் வந்து தகரக் கூரையைத் தொட்டுப் பரவியது.

பின்பக்கக் கோடு இறங்கவில்லை.

காத்திருந்தார்கள். அட்டை அட்டையாகவே கிடந்தது.

என்ஜின் சத்தம்கூட மாறியிருந்தது. இத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடியது, இப்போது பேசிக்கொண்டே நடக்கிற ஆள் மாதிரி ஓடியது.

சவரிமுத்து ஏதோ சொல்ல வாயெடுத்துத் திரும்பினார்.

கொட்டகை வாசலில் லூர்து நின்றாள்.

கையில் இரண்டு காபி டம்ளர். கொடுக்க வந்தவள் கொடுக்காமல் நின்றுவிட்டாள். அவள் கண் ஓடுகிற என்ஜின் மேலேயே இருந்தது.

“அவன் இருந்தா…” என்றாள்.

சவரிமுத்துவின் முதுகு விறைத்தது.

“அவன் இருந்தா இந்நேரம் குளிக்காம கொள்ளாம அப்படியே ஏறி உக்காந்து, ஹாரனை அடிச்சே தெருவைக் கூட்டியிருப்பான்.”

சொல்லும்போதே குரல் உடைந்தது. டம்ளர் ஆடிக் காபி விரலில் சிந்தியது. அதை அவள் துடைக்கவில்லை. கண்ணையும் துடைக்கவில்லை.

போதும். அந்த வார்த்தை சவரிமுத்துவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பழகிய வார்த்தை, தானாக வந்தது.

அவர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் அவரைப் பார்க்கவில்லை. டீச்சர் கண்ணும் நிறைந்திருந்தது. முந்தானையை எடுக்காமல், மறைக்காமல், நின்றிருந்தார்.

என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

சவரிமுத்து மனைவியிடம் நடந்து போனார். டம்ளர்களை வாங்கித் தரையில் வைத்தார். கவிழ்த்துப் போட்டிருந்த எண்ணெய் டின்னை இழுத்து அவளை உட்காரவைத்தார். தானும் அவள் எதிரில் மண்ணிலேயே உட்கார்ந்தார்.

“அப்புறம்?” என்று கேட்டார்.