தீக்குச்சித் தேர்

கோவில்பட்டியில் வீட்டுச் சாமான் ஏற்றும் லாரிகளுக்கு முதலாளி தங்கமாரியப்பன். அவருக்குத் தீக்குச்சியில் குட்டி லாரி செய்வது பொழுதுபோக்கு. ஆனால் மூன்று வருஷமாக ஊர்க் கண்காட்சியில் முதல் பரிசைத் தட்டிக்கொண்டு போனவள் சத்துணவுச் சமையல்காரி பேச்சிக்கனி. அவள் செய்த தீக்குச்சித் தேரை நினைத்தாலே அவருக்கு வயிறு எரியும்.

அவள் வீடு மாறியபோது அவருடைய லாரியில்தான் அந்தத் தேர் நொறுங்கியது. நஷ்டஈடு கேட்டு வந்தவளைப் பார்த்ததும் அவருக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

“வெறும் தீக்குச்சிதானம்மா. பத்துப் பெட்டி வாங்கித் தாரேன், போ.”

“சரி அண்ணாச்சி. இதை மட்டும் வாசிச்சுட்டுப் போயிடுதேன்.”

போன வருஷம் கண்காட்சிக் குழுவுக்கு அவர் போட்ட புகார் மனு அது. விளக்கம் கேட்டுக் குழு அவளுக்கு நகல் அனுப்பியிருந்தது. லோடுமேன்கள் கூடி நிற்க, அவள் சத்தமாக வாசித்தாள்: “இத்தனை நுணுக்கமான தேரை ஒரு சமையல்காரி செய்திருக்க முடியாது. ஐம்பதாயிரம் கொடுத்து வெளியூரில் வாங்கியிருக்கிறாள். இதன் பக்கத்தில் யாருடைய பொருளும் எடுபடாது.”

“கையெழுத்து உங்களுதுதானே அண்ணாச்சி?”

தங்கமாரியப்பன் பணப்பெட்டியைத் திறந்து ஐம்பதாயிரத்தை எண்ணிக் கொடுத்தார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். “அவ்வளவு நல்லாவா இருந்துச்சு முதலாளி?” என்று ஒரு லோடுமேன் கேட்டபோது, அவள் காதுபட ஆமாம் என்று சொல்ல வேண்டி வந்ததைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.