இரண்டாவது லேன்

ஜெசிந்தா மிஸ்ஸிடம் வேலை கற்க வந்தவர்களில் கணபதியப்பன் ஒருவர்தான் மிஸ்ஸைவிட வயதில் மூத்தவர். பன்னிரண்டு வருடம் மூத்தவர். கடற்படையில் பதினெட்டு வருடம் இருந்துவிட்டு வந்தவர். நீந்தத் தெரியும். நீந்தச் சொல்லித்தரத் தெரியாது. அது வேறு, இது வேறு என்று முதல் வாரத்திலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. அன்றிலிருந்து அவர் மாணவர். மிஸ் அவரை சார் என்பார். அவர் மிஸ்ஸை மிஸ் என்பார்.

நீச்சல் குளம் அம்பாசமுத்திரம் சாலையில், ஒரு அரிசி ஆலைக்குப் பின்னால் இருந்தது. இருபத்தைந்து மீட்டர் நீளம், ஆறு லேன். ஆலை ஓடுகிற நாளில் தவிடு பறந்து வந்து தண்ணீரின்மேல் ஆடைபோலப் படியும். மிஸ் நீளக் கம்பில் கட்டிய வலையால் அதை அரித்து எடுத்துக்கொண்டே இருப்பார். பேசும்போதும் அரிப்பார்.

அப்படி அரித்துக்கொண்டிருந்த ஒரு காலையில் கணபதியப்பன் கேட்டார்.

"மிஸ், இன்னும் பதினஞ்சு நாள்ல போட்டி. ஆறு பிள்ளைங்களுக்கும் இதுதான் முதல் போட்டி. அப்பா அம்மாக்களை எப்படித் தயார் பண்றது?"

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

அவர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். நினைத்ததை ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார். இருபத்திரண்டு குறிப்புகள். இரண்டு துண்டு கொண்டுவர வேண்டும். காலையில் இட்லி போதும், பூரி கூடாது. நகம் வெட்டியிருக்க வேண்டும். வருகிற வழியில் பிள்ளையைத் திட்டக் கூடாது. முதல் நாள் தலைக்கு எண்ணெய் வைக்கக் கூடாது, தொப்பி வழுக்கிக்கொண்டு போகும்.

மிஸ் ஈரக் கையோடு வாங்கி, நின்றபடியே முழுவதும் படித்தார்.

"எண்ணெய் விஷயம் நல்ல விஷயம். எனக்குத் தோணல."

"மத்தது?"

"இருபத்திரண்டுதானா சார்?"

"ஏதாவது விட்டுப்போச்சா மிஸ்?"

"ஞாயித்துக்கிழமை எல்லாரையும் வரச் சொல்லுங்க. பார்ப்போம்."

அந்த ஆறு பிள்ளைகளில் ஒருத்தி கணபதியப்பனின் மகள். நிரஞ்சனா. ஏழு வயது. கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்துப் பிறந்தவள். கடலில் எத்தனையோ இரவுகளைத் தூங்காமல் கழித்த மனிதர், அவள் முதல்முறை குளத்தில் இறங்கிய அன்று கரையில் நின்று நடுங்கினார்.

குளத்தில் ஒரு பழக்கம் உண்டு. பிள்ளை நீந்தும்போது அப்பாவோ அம்மாவோ கரையோரமாகக் கூடவே நடப்பார்கள். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பிள்ளையின் தலைக்கு நேராகத் தங்கள் காலை வைத்து நடப்பார்கள். மிஸ் அதைச் சொல்லித்தரவில்லை. வேண்டாம் என்றும் சொன்னதில்லை. மற்ற பிள்ளைகளின் பெற்றோர் ஒவ்வொருவராக நடப்பதை நிறுத்தி, போய் உட்கார்ந்து, கைபேசியைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். கணபதியப்பன் மட்டும் நடந்துகொண்டிருந்தார். நிரஞ்சனா மூச்சுக்குத் தலையைத் திருப்பும்போதெல்லாம் அப்பாவின் பாதம் தெரியும். பாதம் போகிற வேகத்தில் அவள் போவாள்.

பாதம் இல்லாமல் அவள் ஒருமுறைகூட எதிர்ச் சுவரைத் தொட்டதில்லை. போட்டியிலோ கரையில் யாரும் நடக்க முடியாது. பெற்றோர் எல்லாரும் மேலே, கேலரியில். இது கணபதியப்பனுக்குத் தெரியும். இருபத்திரண்டில் இது இல்லை.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வந்தார்கள். ஆறு பிள்ளைகளில் ஒருத்தியான பர்வீனின் அம்மா மட்டும் வரவில்லை. அவருக்குத் துணிக்கடையில் ஞாயிறுதான் வேலை அதிகம். பர்வீன் தனியாக டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

கணபதியப்பன் தாளை வாசித்தார். கேள்விகள் வந்தன.

"சார், சாமி கயிறு கட்டியிருக்கோம். தண்ணியில அவுந்துருமா?"

"பாதாம் பால் ஒரு டம்ளர் குடுக்கலாமா? அரை டம்ளராவது?"

ஒரு அப்பா எழுந்து நின்றார். "ஜெயிச்சா சைக்கிள்னு சொல்லி வச்சிருக்கேன் மிஸ்."

"தோத்தா?" என்றார் மிஸ்.

"தோத்தா... இல்ல."

"பாவம். நடந்தேதான் போவணும்போல."

எல்லாரும் சிரித்தார்கள். சைக்கிள் அப்பாவும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

மிஸ் ஒரு அட்டைப் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஆறு ஸ்டாப்வாட்ச். லேனுக்கு ஒருவராக ஆறு பேர் கழுத்தில் மாட்டினார்.

"இன்னைக்குப் பிள்ளைங்க போட்டி மாதிரியே நீந்துவாங்க. நீங்க நேரம் பாக்கணும். இந்த நேரத்தைத்தான் போட்டி ஃபாரத்துல எழுதி அனுப்பப் போறேன். சொந்தப் பிள்ளை லேன்ல யாரும் நிக்கக் கூடாது. அவ்வளவுதான்."

"சொந்தப் பிள்ளையை எப்ப மிஸ் பாக்குறது?"

"உங்க லேன் பிள்ளை சுவரைத் தொட்ட பிறகு."

கணபதியப்பனுக்கு இரண்டாவது லேன். அதில் பர்வீன். நிரஞ்சனா ஐந்தாவதில். ஐந்தாவதில் நின்றது சைக்கிள் அப்பா.

மிஸ் விசில் ஊதினார். ஆறு கட்டைவிரல்கள் அழுத்தின. ஆறு பிள்ளைகள் குதித்தார்கள்.

கணபதியப்பன் பர்வீனைத்தான் பார்க்க நினைத்தார். பாதிக் குளம்வரை பார்த்தார் என்றுதான் பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நடுக்குளத்தில், தரை எட்டாத இடத்தில், நிரஞ்சனா மூச்சுக்குத் தலையைத் திருப்பினாள். கரையில் பாதம் இல்லை. நின்றாள். லேன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள். அழவில்லை. தேடினாள்.

அவர் காலுக்கு யாரும் சொல்லவில்லை. அதுவாகவே போனது. குளத்தைச் சுற்றி ஓடி, அவள் பக்கத்துக் கரைக்கு வந்து, அவள் தலைக்கு நேராக நின்று, நடக்கத் தொடங்கியது. அவள் கயிற்றை விட்டாள். நீந்தினாள். சுவரைத் தொட்டாள்.

"ஐம்பத்தெட்டு செகண்டு!" என்று கத்தினார் சைக்கிள் அப்பா.

கணபதியப்பன் மூச்சு விட்டார். அப்போதுதான் இரண்டாவது லேனிலிருந்து குரல் வந்தது.

"அங்கிள், நான் எவ்வளவு?"

பர்வீன் சுவரைப் பிடித்துக்கொண்டு தொங்கிக்கொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. வழக்கமாக நடுவில் இரண்டு தடவை நிற்கிற பெண். அன்று நிற்காமல் வந்திருக்கிறாள். மூக்கு வழியாகத் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது, முகமெல்லாம் சிரிப்பு.

அவர் தன் கழுத்தில் கிடந்த வாட்ச்சைப் பார்த்தார். அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"அங்கிள்?"

"நான் அழுத்தலம்மா."

அந்தச் சிரிப்பு உடனே போகவில்லை. அவர் சொன்னது விளங்கும்வரை இருந்தது. பிறகு போனது.

"பரவாயில்ல அங்கிள்" என்றாள் பர்வீன்.

எல்லாரும் போன பிறகு மிஸ் மேசையில் உட்கார்ந்து ஃபாரம் நிரப்பினார். கணபதியப்பன் எதிரில் நின்றார்.

"பர்வீனை இன்னொரு தடவை நீந்தச் சொல்லலாம் மிஸ். நாளைக்குக்கூடச் சொல்லலாம். நான் ஒழுங்கா நேரம் பாக்குறேன்."

மிஸ் தலை நிமிரவில்லை.

"அவ நீந்திட்டாளே, சார்."

பர்வீன் பெயருக்கு நேரே 'நேரம் இல்லை' என்று எழுதி, தாளைத் திருப்பினார்.

அந்த வாரம் கணபதியப்பன் நடக்காமல் இருந்து பார்த்தார். சுவரோரம் ஒரு ஸ்டூலைப் போட்டு, தொடைக்கு அடியில் இரண்டு கையையும் வைத்து உட்கார்ந்தார்.

"அப்பா, ஏன் நடக்கலை?"

"கால் வலிக்கும்மா."

நிரஞ்சனா பாதிவரை போவாள். கயிற்றைப் பிடிப்பாள். அவரைப் பார்ப்பாள். அவரும் பார்ப்பார். அவர் முகத்தில் எதைக் கண்டாளோ, திரும்பி வந்துவிடுவாள். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் அப்படியே. வியாழக்கிழமை அவர் எழுந்து நடந்தார். அவள் முழுதாக நீந்தினாள்.

வீட்டில் மனைவி சிவகாமி சாதத்தை வைத்துக்கொண்டே சொன்னாள். "நீங்க வேணும்னா போட்டிக்கு வராதீங்க. நான் மட்டும் கூட்டிட்டுப் போறேன்."

"எம் பொண்ணு முதல் தடவை நீந்துறா. நான் பாக்க வேண்டாமா?"

"நீங்க பாக்குறதுதான் அவளுக்குக் கஷ்டமா இருக்கு" என்றாள் சிவகாமி. குழம்பை ஊற்றினாள்.

போட்டி வெளியூரில், ஒரு பள்ளிக்கூடத்துக் குளத்தில் நடந்தது. வெயில் ஏறுவதற்கு முன்பே கேலரி நிறைந்துவிட்டது. அங்கே வந்திருந்த பாதிப் பிள்ளைகளின் தலையில் எண்ணெய் மினுங்கியது. மிஸ்ஸின் ஆறு தலைகளும் வறண்டு, பஞ்சாகப் பறந்தன.

போட்டி தொடங்கும் முன் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். நேரம் பார்க்க ஆள் போதவில்லை, பெற்றோர் யாராவது முன்வரலாம். தன் பிள்ளை நீந்துகிற லேனில் மட்டும் நிற்கக் கூடாது.

மிஸ் கேலரிப் படியில் இரண்டு படி ஏறி வந்தார். கணபதியப்பனைப் பார்த்தார். அவர் எழுந்து இறங்கினார்.

"நடந்து கிடந்து வச்சிராதீங்க" என்றாள் சிவகாமி, பின்னாலிருந்து.

அவருக்குக் கிடைத்தது மறுபடி இரண்டாவது லேன்.

ஃபாரத்தில் நேரம் இல்லாதவர்களை முதல் சுற்றில் விட்டார்கள். மூன்றே பேர். பர்வீன் ஓரமாக ஆறாவது லேனில், பக்கத்தில் யாருமில்லாமல் நீந்தினாள். அவளுக்கு யாரோ ஒரு பெரியவர் நேரம் பார்த்தார். அவர் குனிந்து சொன்னதும் அவள் இரண்டு கையையும் தூக்கினாள். எவ்வளவு என்று கணபதியப்பனுக்குக் கேட்கவில்லை.

அடுத்த சுற்று. இரண்டாவது லேனில் வெளியூர்ப் பெண் ஒருத்தி, மஞ்சள் தொப்பி. ஐந்தாவதில் நிரஞ்சனா. ஐந்தாவதின் சுவரில் சுடிதார் போட்ட ஓர் அம்மா, வாட்ச்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய பிள்ளை எந்த லேனோ.

விசில்.

கணபதியப்பன் வாட்ச்சை அழுத்தினார். பிறகு சுவரைப் பார்த்தார். தண்ணீர்க்கோட்டுக்குச் சற்று மேலே பதித்த ஒரு கறுப்பு ஓடு, ஓரம் உடைந்தது. மஞ்சள் தொப்பியின் கை அங்கேதான் வந்து படும். அந்த இடத்தையே பார்த்தார்.

கேலரியில் சத்தம் ஏறியது. பெயர்கள், பெயர்கள். பிறகு திடீரென்று ஒரு பக்கம் சத்தம் இறங்கியது. "அச்சச்சோ" என்று யாரோ சொன்னார்கள். ஒரு பிள்ளை நின்றுவிட்டால் கேலரி அப்படித்தான் சொல்லும். அந்தச் சத்தத்தின் நடுவே சிவகாமியின் குரல் கேட்டது. "நிரூ..."

அவர் கழுத்து திரும்பப் பார்த்தது. பாதம் எழுந்தது. ஈரத் தரையில் கட்டைவிரலை ஊன்றிக்கொண்டார். ஓட்டின் உடைந்த ஓரம் ஒரு மீனின் வாய் மாதிரி இருந்தது. அதையே பார்த்தார். வாட்ச்சுக்குள் எண்கள் ஓடுவதை உள்ளங்கையில் உணர்ந்ததுபோல இருந்தது. மஞ்சள் தொப்பி நெருங்கியது. ஒரு சின்னக் கை தண்ணீரிலிருந்து வெளியே வந்து, கறுப்பு ஓட்டில் பட்டது.

அழுத்தினார்.

மஞ்சள் தொப்பி கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். "அங்கிள், எவ்வளவு?"

"இருபத்தெட்டு. புள்ளி ஆறு மூணு."

"நெசமாவா?"

"நெசமா."

அவர் சீட்டில் எழுதினார். ஆறை மறுபடி அழுத்தி எழுதினார். கையெழுத்துப் போட்டார். சீட்டு வாங்க வந்தவரிடம் கொடுத்தார். அதன் பிறகுதான் திரும்பினார்.

ஐந்தாவது லேனில் யாரும் இல்லை. சுடிதார் அம்மா குனிந்து சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். ஏணிப் பக்கமிருந்து சின்ன ஈரக் காலடிகள் தரையில் வந்தன. அதன் முடிவில் நிரஞ்சனா நின்றாள். துண்டு தலையில் கிடந்தது. உதடு ஊதா நிறம்.

"அப்பா, நான் நடுவுல நின்னுட்டேன்."

"அப்படியா?"

"கயித்தைப் புடிச்சேன். இழுக்கல, சும்மா புடிச்சேன். உங்களைத் தேடினேன்."

அவர் குனிந்து துண்டால் அவள் காதைத் துடைத்தார்.

"நீங்க அந்த அக்காவையே பாத்துட்டு நின்னீங்க."

"ஆமாம்மா."

"அதான், நானே நீந்தி வந்துட்டேன்." மூக்கைத் துண்டில் துடைத்துக்கொண்டாள். "கடைசிதான். அம்மா இட்லி வச்சிருக்காங்களா?"

"இருக்கு. போ."

அவள் கேலரிப் படியில் ஏறி ஓடினாள். அவர் அடுத்த சுற்றுக்கு நின்றார். அதற்கு அடுத்ததற்கும் நின்றார். மதியம்வரை பதினான்கு பிள்ளைகளுக்கு நேரம் பார்த்தார்.

எல்லாம் முடிந்து, மைதானத்து வேப்ப மரத்தடியில் வேன் நின்றது. பிள்ளைகள் உள்ளே ஏறி ஜன்னலுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மிஸ் ஈரத் தொப்பிகளை ஒவ்வொன்றாகப் பிழிந்து பையில் போட்டுக்கொண்டிருந்தார். கணபதியப்பன் சட்டைப் பையிலிருந்து தன் தாளை எடுத்தார். நனைந்து, மடித்த இடத்தில் கிழிந்திருந்தது.

"மிஸ், அடுத்த வருஷம் வர்ற அப்பா அம்மாக்களுக்கு என்ன சொல்லட்டும்?"

"எண்ணெய் விஷயத்தை விட்டுறாதீங்க."

அவர் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. தாளை மடித்தார். மறுபடி பிரித்தார்.

"எம் பொண்ணு முதல் தடவை தனியா நீந்துனதை நான் பாக்கவே இல்ல, மிஸ்."

மிஸ் கடைசித் தொப்பியைப் பிழிந்தார். தண்ணீர் மண்ணில் விழுந்தது.

"அவ நீந்திட்டாளே, சார்."