நாற்பதாம் நாள் அஸர்

“போச்சு ஹஜ்ரத். நாப்பதாவது நாள்ல வந்து கவுந்துட்டேன்.”

லிஃப்ட் மெக்கானிக் மீராசாவின் கையெல்லாம் கிரீஸ். தெருப் பள்ளிவாசலில் அந்தித் தொழுகையான மஃரிபுக்குப் பாங்கு தொடங்கியிருந்தது. சூரியன் இறங்கிவிட்டது. அது மறையும் முன் தொழ வேண்டிய அஸரை அவர் இன்னும் தொழவில்லை.

நாற்பது நாள் ஐவேளைத் தொழுகையில் ஒரு வக்தும் தவறவிடுவதில்லை என்று நிய்யத் வைத்திருந்தார். ஐம்பத்தாறு வயதில் தொழக் கற்றவருக்கு அது லேசான காரியமா? இரண்டு தடவை பாதியில் சறுக்கினார். இது மூன்றாம் தடவை. இன்று கடைசி நாள்.

கற்றுக்கொடுத்த இல்யாஸ் ஹஜ்ரத்துக்கு அவர் மகன் வயதுதான். அவர்கள் நின்ற கட்டடத்தின் நூற்று இருபதாம் மாடிப் பள்ளிவாசலுக்கு இமாம். மேலே வரை போகிற ஒரே லிஃப்ட் நின்றுபோனதால் வாசலில் காத்துக் கிடந்தார்.

“எங்க மாட்டிக்கிட்டீங்க அண்ணே?”

“இந்த லிஃப்ட்லதான். அறுபதாம் மாடிகிட்ட ஒரு தாயும் கைப்புள்ளையும். புள்ள அழுவுது. விட்டுட்டுத் தொழவா முடியும்?”

“வெளியே வந்துட்டாங்களா?”

“வந்துட்டாங்க.”

“லிஃப்ட்?”

“ஓடுது.” மீராசாவுக்குக் கோபம் வந்தது. தொழுகையைப் பறிகொடுத்து நிற்கிறவனிடம் கேட்கிற கேள்வியா இது?

“கைகால் கழுவுன ஒளு முறியாம இருக்கா?”

“இருக்கு. ஆனா...”

“ஏறுங்க.”

மீராசா தயங்கினார். அந்தப் பள்ளிவாசலுக்குள் அவர் கால் வைத்ததே இல்லை. கோட்டுப் போட்டவர்கள் தொழுகிற இடம் என்று அவராகவே முடிவு கட்டியிருந்தார். ஹஜ்ரத் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார்.

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. காது அடைத்துத் திறந்தது. கதவும் திறந்தது.

கண்ணாடிச் சுவர் முழுக்க வெயில். கீழே தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. கடலுக்கு மேலே சூரியன் இன்னும் பாதி மிச்சம் இருந்தது.

“மறைஞ்சிருச்சே ஹஜ்ரத்.”

“கீழ மறைஞ்சிருச்சு, இங்க இன்னும் இல்ல. மறையறதுக்குள்ள நாலு ரக்அத்துல ஒண்ணு கெடச்சாலும் அஸர் கெடச்ச மாதிரி. வேடிக்கை பாக்காம நில்லுங்க.”

கிரீஸ் கைகளை உயர்த்தி மீராசா தக்பீர் கட்டினார். முதல் ஸஜ்தாவில் நெற்றி வைத்த விரிப்பில் வெயில் விழுந்து கிடந்தது.

ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்தபோது வெளிச்சம் போயிருந்தது. நாற்பதும் நிறைந்துவிட்டது. அவருக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

மஃரிபுக்குக் காத்திருந்தவர்களில் கோட்டுப் போட்ட ஒருவர் கேட்டார். “ரெண்டு மணி நேரமா லிஃப்ட் ஓடலையே ஹஜ்ரத். எப்படி மேல வந்தீங்க?”

ஹஜ்ரத் மீராசாவைக் காட்டினார்.

“அவர்தான் என்னைக் கூட்டிட்டு வந்தார்.”