கடுகளவுத் தலை

முன்பு குன்னூரில் ஒரு ஃப்ரேம் கடையின் மாடியறையில் ஒரு தூண்டில் முள் இருந்தது. அதற்கு மீனைத் தெரியாது. ஓடையையும் பார்த்ததில்லை.

மலை ஓடைகளில் மீன் பிடிப்பவர்கள் முள்ளின்மேல் இறகைக் கட்டி, ஈ மாதிரி ஆக்கி, மீனை ஏமாற்றுவார்கள். இந்த மாடியில் கட்டிய ஈக்கள் தண்ணீருக்குப் போகிறவை அல்ல. கண்ணாடிக்குள் வைத்துச் சுவரில் மாட்டுகிற அலங்காரம். கட்டுகிறவள் வசுமதி. கீழே சட்டம் போட்டு விற்பவன் அவள் கணவன் குணசீலன். ஊரில் அவற்றுக்குக் ‘குணசீலன் ஈ’ என்றுதான் பெயர்.

அன்று சாயங்காலம் பல் டாக்டர் வருவதாக இருந்தது. அவர் கிளினிக்கில் வாயைத் திறந்துகொண்டு படுத்திருப்பவர்கள் பார்ப்பதற்கு அழகாக ஏதாவது வேண்டுமாம்.

முள்ளை ஓர் இரும்புப் பிடி கவ்விக்கொண்டிருந்தது. கறுப்புப் பட்டுநூல் முள்ளைச் சுற்றி ஏறியது. முதலில் மயிற்பீலி வந்தது. பிறகு கினிக்கோழியின் புள்ளி இறகு. கடைசியில், எல்லாருக்கும் மேலே, ஒரு பொன்னிறக் கொண்டை இறகு. இவற்றைச் சேர்த்துப் பிடிக்க முனையில் சுற்றும் நூல்தான் ஈயின் தலை.

“நூலே, உன்ன மாதிரி வருமா? எவ்வளவு மெல்லிசு! இருக்கிறதே தெரியல” என்றது மயிற்பீலி.

நூலுக்கு அதைக் கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

இந்த வேலையில் நூலுக்கு ஒரு கஷ்டம் உண்டு. அது தொய்யவே கூடாது. தொய்ந்தால் கட்டியதெல்லாம் நழுவிவிடும். அதனால் அதன் கண்டைக் கனமான ஒரு பித்தளைப் பிடியில் மாட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். வசுமதி உலையில் அரிசி போடக் கீழே போனாள். இறகுகள் காற்று வாங்கின. முள் தூங்கிவிட்டது. நூல் மட்டும் அந்தப் பித்தளையைச் சுமந்துகொண்டு விறைப்பாக நின்றது. துணி காயப்போடப் போனபோதும் அப்படித்தான்.

குணசீலன் மேலே வந்து அவள் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தான்.

“வசு, தலை பெருசாத் தெரியுதே. கடுகளவுதான் இருக்கணும். இறகு தெரியணும், நூல் தெரியக் கூடாது. ஒரு சுத்து குறையேன்.”

“குறைச்சா பிடிக்குமாங்க?”

“ஒரு சுத்துதானே!”

அவள் ஒரு சுற்றைப் பிரித்தாள்.

மயிற்பீலிக்கு அது பிடித்துப்போயிற்று. “என் பச்சை இப்பத்தான் எடுப்பாத் தெரியுது. நூலே, இந்தப் பக்கமும் ஒரு சுத்து விட்டுக்கொடேன்.”

“எனக்கு மட்டும் என்ன? என் புள்ளி ஒண்ணு மறையுது. ஒரே ஒரு சுத்து” என்றது கினிக்கோழி இறகு.

“மேலே இருக்கிறவள் நான். எல்லாரும் முதல்ல பார்க்கிறது என்னைத்தான். எனக்காக ஒண்ணு” என்றது பொன்னிற இறகு.

“ஆளுக்கொண்ணா விட்டா, அப்புறம் உங்களை யார் பிடிப்பா?” என்றது நூல்.

“நீ இருக்கியே!” என்றன மூன்றும்.

குணசீலன் டீ குடித்துவிட்டு வந்து மறுபடி எட்டிப் பார்த்தான். சாப்பிட்டுவிட்டு வந்தும் எட்டிப் பார்த்தான். வரும்போதெல்லாம் ஒரு சுற்று குறைந்தது. நூல் முதலில் எதிர்த்துச் சொல்லிப் பார்த்தது. பிறகு முனகிப் பார்த்தது. மத்தியானத்துக்குமேல் அதுவும் இல்லை. பிரிபடுவதும் சுற்றப்படுவதுமாக அதன் இழைகள் பிசிறடித்திருந்தன. அலுப்பு என்றால் அப்படியோர் அலுப்பு. ‘பிடிக்குமா, பிடிக்குமா’ என்று கேட்டுக் கேட்டு வசுமதிக்கும் வாய் வலித்தது. அவளும் கேட்பதை விட்டுவிட்டாள்.

கடைசியில் தலை கடுகளவு ஆயிற்று. முடிச்சில் இருந்த சுற்றையும் குறைத்து, நூலை வெட்டி, கறுப்பு வார்னிஷ் ஒரு பொட்டு வைத்தாள். குணசீலன் அதைக் கண்ணாடிக்குள் வைத்துக் கீழே கொண்டுபோனான்.

“ஆஹா! குணசீலன், உங்க கைக்குத் தங்க வளையல் போடணும்யா” என்றார் பல் டாக்டர்.

குணசீலன் சிரித்தான். ‘என் கை இல்லை டாக்டர்’ என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லவில்லை. அந்தக் கைக்காரி அடுப்படியில் டாக்டருக்கு டீ ஆற்றிக்கொண்டிருந்தாள்.

“நூலையே காணோமே! எப்படி நிக்குது இது?” டாக்டர் சட்டத்தை வெளிச்சத்துக்குத் தூக்கித் திருப்பினார்.

பொன்னிற இறகு இன்னும் கொஞ்சம் தெரியட்டும் என்று நிமிர்ந்தது. அவ்வளவுதான். பிடித்துக்கொள்ள மிச்சமிருந்த ஒரே சுற்று, ஒரு பெருமூச்சு விட்டுத் தொய்ந்தது. பொன்னிற இறகு சரிந்தது. புள்ளி இறகு அதன்மேல் விழுந்தது. மயிற்பீலி கண்ணாடியின் அடியில் போய்ச் சுருண்டது. மொட்டை முள் மட்டும் நடுவில் நின்று திருதிருவென்று விழித்தது.

“மட்டமான நூல் டாக்டர். இந்தக் காலத்துல எதை நம்புறது?” என்றான் குணசீலன்.

“ஆமாமா, நூல்தான் மோசம்” என்று இறகுகள் கண்ணாடிக்குள்ளிருந்து ஆமோதித்தன.

டீயோடு வந்து நின்ற வசுமதி இதைக் கேட்டாள். டாக்டர் டீகூடக் குடிக்காமல் ‘நாளைக்கு வரேன்’ என்று கிளம்பிவிட்டார்.

“வசு, ராத்திரிக்குள்ள இன்னொண்ணு கட்டிரு. உன்னை விட்டா யாரால முடியும்?” குணசீலன் சட்டத்தை அவள் கையில் கொடுத்தான்.

அவள் அதையும் டீத் தம்ளரையும் எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்தாள். பழைய நூலைப் பித்தளைப் பிடியிலிருந்து கழற்றிக் குப்பைக் கூடையில் போட்டாள். புதுக் கண்டு ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தாள். உதிர்ந்த இறகுகளைத் தட்டி அடுக்கினாள்.

“அட, இந்த நூல் எவ்வளவு மெல்லிசு! இருக்கிறதே தெரியல” என்றது மயிற்பீலி.

புது நூல் பூரித்துப்போயிற்று. கூடைக்குள் எட்டிப் பார்த்தது. “அக்கா, கேட்டீங்களா? என்னை எவ்வளவு புகழுறாங்க! உங்களை இப்படிச் சொன்னாங்களா?”

“காலையில சொன்னாங்க” என்றது பழைய நூல்.

“அங்க கிடக்கிறது கஷ்டமா இல்லையா?”

“இல்லம்மா. இங்க பித்தளை தொங்கல.”

புது நூலுக்கு அது புரியவில்லை. கீழேயிருந்து குரல் வந்தது. “வசு! ஆரம்பிச்சாச்சா?”

வசுமதி அந்தப் பித்தளைப் பிடியை எடுத்து ஜன்னலோரம் ஒதுக்கி வைத்தாள். நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, டாக்டர் குடிக்காமல் போன டீயைக் குடிக்க ஆரம்பித்தாள்.

“வசு!”

தம்ளரில் இன்னும் பாதி இருந்தது.